எது வேகம்? மாடல் எஸ், டைகான், லூசிட் ஏர்: ஒரு சண்டையின் கதை

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த தடுமாற்றங்களை மட்டும் திருத்தியிருக்கிறேன்.)

போன மாதம் ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு காலேஜ் நண்பன் ஒருத்தன் கூப்பிட்டான். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட்ல இருக்கான், அவனுக்கு அப்போ காலை பதினொரு மணி. "மச்சி, ஏழு வருஷமா மாடல் எஸ் ஓட்டறேன். மாத்தலாம்னு இருக்கேன். டைகானா, லூசிட் ஏரா, இல்ல புது மாடல் எஸ்ஸேவா? எது வேகம்னு மட்டும் சொல்லு, போதும்" என்றான்.

இதுல என்னடா கஷ்டம், அஞ்சு நிமிஷத்துல ஒரு ஷீட் போட்டு அனுப்பறேன்னு சொல்லிட்டு போனை வெச்சேன். ஷீட் போட மூணு வாரம் ஆச்சு. ஏன்னா அந்த மூணு கம்பெனியும் "வேகம்"னு சொல்றது ஒரே விஷயத்தை இல்ல. ஒரே பேர்ல மூணு வேரியபிள். ஏன் அப்படி ஆச்சுன்னு தோண்டப் போனதுதான் இந்த எபிசோடு.

முதல்ல ஊரைச் சொல்லிடறேன், கதைக்கு அது தேவை. மாடல் எஸ் தயாரான தொழிற்சாலை ஃப்ரீமாண்ட்டில்தான் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் கட்டியது, பிறகு டொயோட்டாவும் அவர்களும் சேர்ந்து நடத்தியது, 2010-ல் டெஸ்லா வாங்கியது. லூசிட்டின் தலைமை அலுவலகம் இருப்பது நியூவர்க்கில். நியூவர்க் தனி ஊர்தான், ஆனா வரைபடத்துல பார்த்தா கடல் பக்கம் தவிர மத்த எல்லா பக்கமும் ஃப்ரீமாண்ட் சூழ்ந்திருக்கும். என் நண்பன் பிராண்டை மாத்தினாலும் ஊரை மாத்தின மாதிரி இருக்காது. ஆட்களும் அப்படித்தான், அதுக்கு அப்புறம் வர்றேன்.

மின்சாரக் காரும் வேகமும் புதுசா சேர்ந்த ஜோடி இல்லை. 1899 ஏப்ரல்ல, பாரிஸ் பக்கத்துல, கமீல் ஜெனாட்சி என்ற பெல்ஜியக்காரர் மணிக்கு 100 கி.மீ. வேகத்தை சாலை வண்டியில் முதன்முதலாகத் தாண்டினார். அது ஓடினது பேட்டரியில். அடுத்த வருஷம் பாரிஸ் கண்காட்சியில் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்த ஒரு கார் நின்றது. அதை வடிவமைத்த இளைஞர் பேர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. டைகான் வந்தப்போ "போர்ஷே போய் மின்சாரக் கார் பண்ணலாமா"ன்னு வருத்தப்பட்டவங்க இதைத் தெரிஞ்சுக்கிட்டா நல்லது.

அப்புறம் பெட்ரோல் ஜெயிச்சது, அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். நேரா 2012-க்கு வருவோம். ஜூன் 22, முதல் மாடல் எஸ் கார்கள் வாடிக்கையாளர் கைக்குப் போன நாள். 85 கிலோவாட் அவர் பேட்டரிக்குள்ளே 7,104 சின்ன செல்கள், லேப்டாப்ல இருக்குமே அதே அளவு. அதுவரைக்கும் மின்சாரக் கார்னா கால்ஃப் மைதானத்து வண்டி ஞாபகம்தான் வரும். குடும்பத்தோட போற ஒரு பெரிய செடான், சிக்னல்ல ஸ்போர்ட்ஸ் காரை விட்டுட்டுப் போகுதுன்னா அது செய்திதானே.

2014 அக்டோபரில் P85D வந்தது. முன்னாலும் பின்னாலும் மோட்டார். டிரைவிங் மோடுக்கு "இன்சேன்"னு பேர், அடுத்த வருஷம் அதுக்கும் மேல "லுடிக்ரஸ்". யூடியூபில் பாட்டி, மாமா எல்லாரையும் உட்கார வெச்சு ஆக்ஸிலரேட்டரை அழுத்தி அலற விடுற வீடியோக்கள் அந்தக் காலத்துலதான் ஆரம்பிச்சது. நானும் ஹாஸ்டல்ல உட்கார்ந்து பார்த்தவன்தான்.

ஆனா P85D-க்கு ஒரு எண் போட்டார்கள்: 691 குதிரைத்திறன். பின் மோட்டார் 470, முன் மோட்டார் 221, கூட்டினா 691. கணக்கு சரி. ஆனா அந்த ரெண்டு மோட்டாருக்கும் ஒரே நேரத்துல அவ்வளவு மின்சாரம் கொடுக்க பேட்டரியால முடியாது. சர்வர்ல ரெண்டு நெட்வொர்க் கார்டு போட்டுட்டு, வெளியே போற லைன் ஒண்ணுதான்னு சொல்லாம விட்ட மாதிரி. உரிமையாளர்கள் அளந்து பார்த்துக் கேள்வி கேட்டார்கள். 2015 செப்டம்பரில் டெஸ்லாவின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஜே.பி. ஸ்ட்ராபெல் விளக்கம் எழுதினார்: மோட்டார் திறன் வேறு, பேட்டரி தரும் திறன் வேறு. நார்வேயில் உரிமையாளர்கள் சட்ட நடவடிக்கைக்கே போனார்கள், கடைசியில் சமரசம் ஆனது.

இங்க இன்னொண்ணும் இருக்கு, ரோல்அவுட். அமெரிக்க டிராக் பந்தயத்துல கார் ஒரு ஒளிக்கற்றையில நிக்கும். சக்கரம் அந்தக் கற்றையை விட்டு வெளியே வந்ததும்தான் கடிகாரம் ஓடும். அதாவது முதல் ஒரு அடி தூரம் கணக்குலயே இல்லை. அதுல சுமார் கால் விநாடி மிச்சமாகும். 2021-ல் வந்த மாடல் எஸ் பிளெய்டுக்கு 60 மைல் வேகம் 1.99 விநாடின்னு போட்டாங்களே, அது இந்த முதல் அடியைக் கழிச்ச எண். டெஸ்லா அதை மறைக்கவில்லை, குறிப்புல இருக்கு. ஆனா குறிப்பை யாரு படிக்கிறா? அதோட அது 60 மைல், 96.5 கி.மீ. ஐரோப்பாவுல அளக்கறது 100 கி.மீ. வரைக்கும். என் ஷீட்ல மூணு காரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சப்போ இடிச்சது இங்கதான்.

சரி, போர்ஷே. 2015 செப்டம்பர்ல ஃப்ராங்ஃபர்ட்ல மிஷன் ஈ என்ற மாதிரிக் காரைக் காட்டினார்கள். அதே வருஷம் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயிச்ச அவர்களோட 919 ஹைப்ரிட்ல 800 வோல்ட் அமைப்பு இருந்தது. மிஷன் ஈ-லயும் 800 வோல்ட். 2019 செப்டம்பர்ல அது டைகான் ஆனப்போவும் 800 வோல்ட். மாடல் எஸ் 400 வோல்ட் வகை.

ஏன் இது முக்கியம்? பிளஸ் டூ பிசிக்ஸ்தான். திறன் என்பது வோல்டேஜ் பெருக்கல் கரண்ட். வோல்டேஜை இரட்டிப்பாக்கினா அதே திறனுக்குப் பாதி கரண்ட் போதும். ஒயர்ல வீணாகுற சூடு கரண்டோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி போகும். கரண்ட் பாதின்னா அதே ஒயர்ல சூடு கால்வாசி. மின்சாரக் காருக்கு வேகத்தோட எதிரி காத்து, எடை எல்லாம் அப்புறம். முதல் எதிரி சூடு. பேட்டரி சூடாச்சுன்னா சாஃப்ட்வேர் திறனைக் குறைச்சிடும். குறைக்கலைன்னா செல் கெட்டுப்போகும்.

டெஸ்லா பக்கம் இதே பிரச்சினை எப்படி வெளியே தெரிஞ்சதுன்னு பாருங்க. லுடிக்ரஸ் கார்கள்ல முழு வேகம் வேணும்னா முதல்ல பேட்டரியை இதமான சூட்டுக்குக் கொண்டு வரணும், அதுக்குக் கொஞ்ச நேரம் காத்திருக்கணும். 2017 தொடக்கத்துல இன்னொன்று தெரிய வந்தது: இத்தனை தடவை முழு அழுத்தத்துல கிளம்பிட்டீங்கன்னா பாகங்களைக் காப்பாத்த சாஃப்ட்வேர் திறனைக் கொஞ்சம் குறைச்சிடும். உரிமையாளர்கள் கொதிச்சாங்க, டெஸ்லா அந்தக் கட்டுப்பாட்டை எடுக்க ஒத்துக்கிச்சு. நான் புரொடக்‌ஷன் சர்வர்ல ரேட் லிமிட் போட்டுத் திட்டு வாங்கினவன், அதனால அந்த இன்ஜினியர் மேல எனக்குக் கொஞ்சம் பரிதாபம் உண்டு.

போர்ஷே அடிச்சது சரியா அந்த இடத்துலதான். 2019 ஆகஸ்ட்ல, டைகானோட திரையை விலக்குறதுக்கு முன்னாடியே, ஜெர்மனியில் லார் என்ற ஊர் விமான ஓடுதளத்துல ஒரு சோதனை நடத்தினாங்க. 0-விலிருந்து 200 கி.மீ. வேகம், திரும்ப, திரும்ப, 26 தடவை. வேகமான ஓட்டத்துக்கும் மெதுவான ஓட்டத்துக்கும் வித்தியாசம் 0.8 விநாடி. அப்புறம் இத்தாலியில நார்தோ சோதனைத் தடத்துல 24 மணி நேரத்துல 3,425 கி.மீ. அப்புறம் நூர்பர்கிரிங்ல 7 நிமிடம் 42 விநாடி. ஒரு தடவை பாய்ஞ்சு காட்டறது பெரிசில்லை, இருபத்தாறாவது தடவை என்ன ஆகும்னு பாருங்கன்னு சொல்ற மாதிரி.

அதுக்கு என்ன விலை கொடுத்தாங்க? அமெரிக்க அரசு சோதனையில முதல் டைகான் டர்போ ஒரு சார்ஜுக்கு 201 மைல்தான் எடுத்தது. அதே காலத்து மாடல் எஸ் லாங் ரேஞ்ச் 370 மைலுக்கு மேல. (டர்போவே இல்லாத காருக்கு டர்போன்னு பேர் வெச்சதைப் பத்தி நான் எதுவும் சொல்லப் போறதில்லை.)

மஸ்க் சும்மா இருப்பாரா. டைகானோட நேரம் வெளியான சில நாள்லயே மாடல் எஸ் நூர்பர்கிரிங் போகும்னு ட்வீட் போட்டார். போனது. 2021-ல் பிளெய்டு 7:30.909. 2022-ல் டைகான் டர்போ எஸ் 7:33. 2023-ல் புது பிரேக்கோட பிளெய்டு 7:25. அடுத்து டைகான் டர்போ ஜிடி, பின் சீட்டையே கழட்டிட்டு, 7:07.55. அப்புறம் யாரும் எதிர்பார்க்காம சீனாவிலிருந்து ஷாவ்மி, நம்ம கையில இருக்கிற போனைப் பண்ற அதே ஷாவ்மி, எஸ்யூ7 அல்ட்ராவை 7:04.957-ல ஓட்டிட்டுப் போயிட்டாங்க. அது அமெரிக்காவுல கிடைக்காது, அதனால என் நண்பன் லிஸ்ட்ல இல்லை. ஆனா இந்தச் சண்டைக்குள்ள அவங்களும் புகுந்தது எனக்குப் பிடிச்சிருக்கு.

இப்போ ஆட்கள் விஷயம். பீட்டர் ராலின்சன், பிரிட்டிஷ்காரர். ஜாகுவார், லோட்டஸ் எல்லாம் பார்த்துட்டு 2009-ல டெஸ்லாவுக்கு வந்தார், மாடல் எஸ்ஸின் தலைமைப் பொறியாளர். முதல் கார் வெளிவர சில மாதம் முன்னாடி, 2012-ல, கிளம்பிட்டார். 2013-ல் அட்டீவா என்ற கம்பெனியில் சேர்ந்தார். 2007-ல் ஆரம்பித்த பேட்டரி கம்பெனி அது. ஃபார்முலா ஈ பந்தயத்துல ஆரம்ப வருடங்கள்ல பாதியில சார்ஜ் தீர்ந்துடும், டிரைவர் இறங்கி ஓடிப் போய் இன்னொரு கார்ல ஏறுவார். 2018-ல தொடங்கின சீசன்ல இருந்து அந்தக் கூத்து நின்னது. அதுக்கு வந்த பேட்டரியில, மெக்லாரனோட சேர்ந்து, அட்டீவா கை இருக்கு. அதே அட்டீவா பேரை மாத்திக்கிட்டு லூசிட் ஆனது. ராலின்சன் 2025 தொடக்கம் வரைக்கும் அதோட தலைவர்.

மஸ்க் இதை ஒத்துக்கறதில்லை. மாடல் எஸ்ஸை அவர் வடிவமைக்கலை, பாடி, சேஸில கொஞ்சம் வேலை பண்ணினார், அவ்வளவுதான்னு வெளிப்படையாவே சொல்லியிருக்கார். யார் எவ்வளவு எழுதினதுன்னு எந்த ப்ராஜெக்ட்லதான் சண்டை வரலை? கார்ல கிட் ப்ளேம் கிடையாது.

எனக்கு சுவாரசியமா இருந்தது அவர் ரெண்டாவது தடவை என்ன பண்ணினார்ங்கறதுதான். மாடல் எஸ் வழி: பெரிய பேட்டரி போடு, பெரிய மோட்டார் போடு. லூசிட்ல 900 வோல்ட்டுக்கு மேல போனாங்க, 670 குதிரைத்திறன் மோட்டாரை 74 கிலோவுல அடக்கினாங்க, அதாவது பக்கத்துல உட்கார்ற ஆளோட எடை. 2021 அக்டோபர்ல டெலிவரி ஆரம்பிச்ச ஏர் ட்ரீம் எடிஷன் ஒரு சார்ஜுக்கு 520 மைல், கி.மீ.யில 837. அதைவிட என்னை நிமிர்ந்து உட்கார வெச்சது 2025 ஏர் ப்யூர். வெறும் 84 கிலோவாட் அவர் பேட்டரி, முதல் மாடல் எஸ்ஸோட கிட்டத்தட்ட அதே அளவு. அந்த மாடல் எஸ் 265 மைல் ஓடினது. ப்யூர் 420 மைல். வேகம் வேணும்னா அதே குடும்பத்துல சஃபையர் இருக்கு, 1,234 குதிரைத்திறன். ஆனா வீணாக்காம இருந்தா வேகம் தானா வரும்ங்கறதுதான் அவங்க வாதம். அல்காரிதத்தை சரி பண்ணு, அப்புறம் சர்வர் வாங்கு.

ஆக ஷீட்ல லூசிட்டுக்கு டிக் போட்டுட்டு அனுப்பியிருப்பேன். ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "மாசத்துக்கு எத்தனை தடவை எல்.ஏ. போறே?" அக்கா அங்கதான் இருக்காங்க, ரெண்டு தடவையாவது போவான்.

ஐ-5 நெடுஞ்சாலையில் நடுவழியில் கோலிங்கா. 2012-ல டெஸ்லா திறந்த முதல் ஆறு சூப்பர்சார்ஜர் நிலையங்கள்ல ஒண்ணு அங்க. ஏழு வருஷமா அவன் டீ குடிக்கிற இடம். அந்த நெட்வொர்க்கோட பிளக் வடிவமைப்பை 2022 நவம்பர்ல டெஸ்லா மத்தவங்களுக்குத் திறந்துவிட்டது, 2023-ல ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ்னு வரிசையா எல்லாரும் அந்தப் பிளக்குக்கு மாறினாங்க. லூசிட் ஏருக்கும் 2025-ல அனுமதி வந்தது, அடாப்டரோட. ஆனா அந்த சார்ஜர்கள் 400 வோல்ட் கார்களை மனசுல வெச்சுக் கட்டினது. 900 வோல்ட் கார் அங்க போனா தனக்குள்ள வோல்டேஜை ஏத்திக்கணும். ஏர்ல அந்த வழி 50 கிலோவாட்தான் தாங்கும். அவனோட பழைய மாடல் எஸ் அதே இடத்துல 100-க்கு மேல இழுக்கும். டைகானும் 800 வோல்ட் இல்லாத சார்ஜர்ல ஆரம்ப வருடங்கள்ல அடிப்படையா 50 கிலோவாட்தான், கூடுதல் காசு கொடுத்தா 150.

எந்த வோல்டேஜால அந்தக் கார்கள் ஜெயிச்சதோ, அதே வோல்டேஜ் அவன் டீக்கடையில காலை வாரும். வேகமா சார்ஜ் ஆகணும்னா வேற நிறுவனத்து நிலையத்தைத் தேடணும். 420 மைல் ஓடுற கார்னா கோலிங்காவுல நிக்கவே வேண்டாமேன்னு நீங்க கேட்கலாம். ஃப்ரீமாண்ட்ல இருந்து எல்.ஏ. சுமார் 350 மைல். ஐ-5ல எல்லாரும் ஓட்டுற வேகத்துக்கு, ஏசி போட்டுக்கிட்டு, அது மயிரிழையில முடியற கணக்கு.

இதை எல்லாம் போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "டேய், நான் எது வேகம்னுதானே கேட்டேன்" என்றான்.

இப்போதைக்கு ஒரு லூசிட் ஏரை வீக்கெண்டுக்கு வாடகைக்கு எடுத்திருக்கான். வெள்ளிக்கிழமை சாயந்திரம் கிளம்பறான், அக்கா வீட்டுக்கு. கோலிங்காவைத் தாண்டும்போது மீட்டர்ல எவ்வளவு மிச்சம்னு கூப்பிட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கான். அந்த எண்ணை அடுத்த எபிசோடு தொடக்கத்துல சொல்றேன்.