தாள் உதிரும் முன்னே

பழைய நூலின் நிலையை அறிய நூலகத்தார் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. தாளின் ஒரு மூலையை முன்னும் பின்னுமாக மடித்துப் பார்ப்பார்கள். நல்ல தாள் பல மடிப்புகளைத் தாங்கும். 1920-ஆம் ஆண்டையொட்டி அச்சான ஒரு தமிழ் நாவலோ பத்திரிகையோ என்றால், பெரும்பாலும் இரண்டு மூன்று மடிப்பிலேயே மூலை ஒடிந்து கையோடு வந்துவிடும். அருகில் இருநூறு ஆண்டுப் பழமையுள்ள ஓலைச்சுவடி இருக்கலாம். நன்கு பேணப்பட்டிருந்தால் அது இன்னும் வளைந்து கொடுக்கும்.

பின்னால் வந்த தாள் ஏன் முன்னால் அழிகிறது? அழியும் தாளிலுள்ள செய்தியைக் காக்க உலக நூலகங்கள் எவ்வாறு கைகோத்தன? அதில் தமிழ் நூல்களுக்குக் கிடைத்த இடம் என்ன? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

தாளுக்குள் இருக்கும் எதிரி

தாளின் உடல் செல்லுலோஸ் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. சங்கிலி நீளமாக இருக்கும்வரை தாள் வலுவாக இருக்கும். பழங்காலத்தில் பருத்தி, லினன் கந்தல்களிலிருந்து தாள் செய்தார்கள். அதில் சங்கிலிகள் நீளமானவை. ஆகவேதான் ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஐரோப்பிய நூல்கள் பல இன்றும் வெள்ளையாகவே இருக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு மாற்றங்கள் வந்தன. தாளில் மை பரவாமலிருக்கப் படிகாரமும் ரோசின் பிசினும் சேர்க்கும் முறையை 1807-இல் ஜெர்மானியரான இல்லிக் வெளியிட்டார். 1840-களில் கெல்லர் என்னும் மற்றொரு ஜெர்மானியர் மரத்தை அரைத்துக் கூழாக்கித் தாள் செய்யும் வழியைக் கண்டார். தாளின் விலை சரிந்தது. காலணாவுக்கும் அரையணாவுக்கும் ஏழைகள் நூல் வாங்க முடிந்தது இதனால்தான்.

மலிவுக்கு ஒரு விலை இருந்தது. படிகாரம் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் செல்லுலோஸ் சங்கிலியைத் துண்டு துண்டாக நறுக்கும். மரக்கூழிலுள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளி பட்டு மஞ்சளாகும். வெப்பம் கூடக் கூட இவ்வினைகள் விரைவாகும். நம் நாட்டின் வெயிலிலும் ஈரக் காற்றிலும் அவை எவ்வளவு வேகம் பெறும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்குக் கரையானும் இராமபாணப் பூச்சியும் உண்டு.

அமெரிக்காவில் பாரோ என்னும் ஆய்வாளர் 1900-க்கும் 1949-க்கும் இடையில் அச்சான 500 நூல்களைச் சோதித்தார். 1959-இல் வெளியான அவர் ஆய்வின்படி, ஐம்பது ஆண்டுக்கு மேல் பயன்படக்கூடிய தாள் உள்ளவை நூற்றுக்கு மூன்றே. உலக நூலகங்களை இம்முடிவு திடுக்கிட வைத்தது.

பெயர் உண்டு, நூல் இல்லை

தமிழ், இந்திய மொழிகளில் முதலில் அச்சேறிய பெருமையுடையது. 1578-இல் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" என்னும் பதினாறு பக்கச் சிறுநூல் இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்ட முதல் நூல். அதன் பிரதி எத்தனை எஞ்சியுள்ளது? அறியப்பட்ட பிரதி ஒன்றே ஒன்று. அது அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

1867-இல் வந்த சட்டம், அச்சாகும் நூல்களை அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என விதித்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வெளியிடப்பட்டது. அப்பட்டியல்களைப் புரட்டினால் சோதிடம், மருத்துவம், நாடகம், கும்மி, சிந்து, சமையல் என்று வரிசை வரிசையாகத் தமிழ் நூல்கள் வருகின்றன. அவற்றுள் பல இன்று பட்டியலில் மட்டுமே உள்ளன. பெரிய நூல்களைப் பேணிய நூலகங்கள் சந்தையில் விற்ற பாட்டுப் புத்தகத்தையும் நாடக நோட்டீசையும் பொருட்படுத்தவில்லை. ஆனால் மக்கள் என்ன படித்தார்கள், எதற்குச் சிரித்தார்கள், எதற்குப் பயந்தார்கள் என்பதை அறிய விரும்பும் வரலாற்று மாணவனுக்கு அவைதாம் சான்று.

ஒரே இடத்தில் குவிந்திருப்பதன் ஆபத்தையும் தமிழர் கண்டிருக்கிறார்கள். 1981-ஆம் ஆண்டு மே 31 நள்ளிரவையொட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின; ஏட்டுச் சுவடிகளும் அவற்றோடு போயின. மறுபிரதி உள்ள நூலை மீண்டும் வாங்கலாம். மறுபிரதி இல்லாத சுவடியை எந்தப் பணம் கொண்டும் வாங்க முடியாது.

கோதுமையும் புத்தகமும்

நூலகக் கூட்டுறவின் வரலாற்றில் ஒரு வேடிக்கையான அத்தியாயம் உண்டு. 1950-களிலும் 60-களிலும் இந்தியா அமெரிக்கக் கோதுமையை வாங்கி, அதற்கு ரூபாயாகவே விலை கொடுத்தது. அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு இந்திய நூல்களை வாங்க அமெரிக்கா வழி செய்தது. 1962-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் புது தில்லியில் அலுவலகம் திறந்தது. தமிழ் உட்பட இந்திய மொழி நூல்கள் பல பிரதிகளாக வாங்கப்பட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பகிர்ந்து அனுப்பப்பட்டன. சிக்காகோ பல்கலைக்கழகம் அவற்றுள் ஒன்று.

ஆனால் இவ்வாறு போனவை புதிதாக வெளிவந்த நூல்களே. கடைகளில் கிடைக்காத பழைய நூல்களுக்கு வேறு வழி தேவைப்பட்டது. அவ்வழியை நுண்படம் காட்டியது.

நுண்படத்தின் பணி

மான்செஸ்டர் நகரத்து டான்சர் 1839-லேயே எழுத்தை மிகச் சிறிதாக்கிப் படமெடுத்துக் காட்டினார். 1870–71-இல் பாரிஸ் முற்றுகையிடப்பட்டபோது, நுண்படமாக்கிய கடிதங்களைப் புறாக்கள் சுமந்து சென்றன. இருபதாம் நூற்றாண்டில் மைக்ரோபிலிம் என்னும் நுண்படச் சுருள் நூலகக் கருவியாயிற்று.

பாலியெஸ்டர் சுருளில் வெள்ளிப் பூச்சில் எடுத்த படம், குளிர்ந்த உலர்ந்த அறையில் வைத்தால் ஐந்நூறு ஆண்டு நிலைக்கும் என்பது வல்லுநர் மதிப்பீடு. முறையாகச் செய்வோர் மூன்று சுருள்கள் எடுப்பார்கள். முதற்சுருளை யாரும் தொடக்கூடாது; இரண்டாவது, படி எடுக்க; மூன்றாவது, வாசகர் பார்க்க. இவற்றை வெவ்வேறு ஊர்களில் வைப்பதே நல்லது. ஒரு நூலகம் தனித்து இதைச் செய்தால் செலவு கட்டுபடியாகாது. ஆகவே 1960-களில் தெற்காசிய நூல்களையும் இதழ்களையும் கூட்டாக நுண்படமாக்க அமெரிக்க நூலகங்கள் சந்தா செலுத்திச் சேர்ந்தன. ஒருவர் எடுத்த படம் எல்லோருக்கும் பயன்பட்டது.

கோட்டையூர் வீடு

இனி நம் ஊருக்கு வருவோம். காரைக்குடிக்கு அருகிலுள்ளது கோட்டையூர். அவ்வூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தமிழில் அச்சானவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். நூல்கள், இதழ்கள் மட்டுமல்ல. நாடக நோட்டீசுகள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், அழைப்பிதழ்கள் என்று பிறர் கழித்தவற்றையும் சேர்த்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் அவர் வீட்டில் குவிந்தன. ஆய்வாளர்கள் அவ்வீட்டைத் தேடி வந்தார்கள்.

1992-இல் அவர் காலமானார். இத்தகைய தனியார் தொகுப்புகளுக்கு அதன்பின் நேர்வது நாம் அறிந்ததே: பங்கு பிரியும், பழைய புத்தகக் கடைக்குப் போகும், மிச்சத்தைக் கரையான் தின்னும். இம்முறை அப்படி நடக்கவில்லை. சிக்காகோ பல்கலைக்கழகம் தொகுப்பை விலைக்கு வாங்கியது.

வாங்கியவர் எடுத்துச் செல்வதே உலக வழக்கம். நம் சுவடிகளும் சிலைகளும் அவ்வாறு கடல் கடந்தவையே. ஆனால் இங்கு வேறு முடிவு எடுக்கப்பட்டது. நூல்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கும். அவற்றுக்கு நவீன முறையில் பட்டியல் தயாரிக்கப்படும். நுண்படப் பிரதி சிக்காகோவுக்குப் போகும். 1994-இல் சென்னை முகப்பேரில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. மொழி அறக்கட்டளை அதைத் தொடங்கி நடத்தும் பொறுப்பை ஏற்றது. 1996-இல் ஆய்வாளருக்குக் கதவு திறந்தது. பின்னர் நூலகம் தரமணிக்கு இடம் மாறியது.

இவ்வேற்பாட்டின் நுட்பம் எளியது. மூலம் பிறந்த மண்ணில் நிற்கிறது. நகல் பயணம் செய்கிறது. இருவரும் பெற்றார்கள், ஒருவரும் இழக்கவில்லை. நூல் காக்கும் பயிற்சியும் கருவிகளும் இங்கேயே வேரூன்றின.

கணிப்பொறி வந்தபின்

பின்னர் நுண்படக் காமிராவின் இடத்தை மின்படக் கருவி பிடித்தது. பிரிட்டிஷ் நூலகம் 2004-இல் தொடங்கிய அழியும் ஆவணங்களுக்கான திட்டமும் மேற்சொன்ன நெறியையே பின்பற்றுகிறது: மூலம் அந்நாட்டை விட்டு வெளியேறக் கூடாது, மின்நகல் ஒன்று உள்நாட்டிலும் ஒன்று லண்டனிலும் இருக்க வேண்டும். தமிழகத்தின் பழைய நூல்களும் இதழ்களும் இத்திட்டத்தில் படமாயின. யாழ்ப்பாணத் தீயின் நினைவைச் சுமந்த ஈழத் தமிழர் 2005-இல் "நூலகம்" என்னும் மின்னூலகத்தைத் தன்னார்வத்தால் தொடங்கினர். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பல நூலகங்களின் நூல்களைப் படமாக்கி யாவரும் படிக்க வைத்திருக்கிறது. சிற்றூர் மாணவன் ஒருவன், ஒரு காலத்தில் சென்னைக்கு இரயிலேறிப் போய்ப் பார்க்க வேண்டியிருந்த நூலைத் தன் கைப்பேசியில் புரட்ட முடிகிறது.

மின்படமும் மூப்படையும்

படமெடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடலாகாது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஆறு அங்குல அகலமும் ஒன்பது அங்குல உயரமும் உள்ள பக்கத்தை அங்குலத்துக்கு 400 புள்ளி வீதம் படமெடுத்தால் 86 லட்சத்து 40 ஆயிரம் புள்ளிகள் வரும். வண்ணப் படத்தில் ஒரு புள்ளிக்கு மூன்று பைட்டுகள். ஆகப் பக்கத்துக்குச் சுமார் 26 மெகாபைட். சுருக்காமல் வைத்தால் 200 பக்க நூலுக்கு ஐந்து கிகாபைட்டுக்கு மேல் வேண்டும். இதைச் சேமிக்கும் வட்டுகள் சில ஆண்டுகளிலேயே பழுதாகலாம். வட்டு நன்றாக இருந்தாலும் அதைப் படிக்கும் கருவி வழக்கொழியலாம்.

இங்கிலாந்தில் இதற்கொரு பாடம் கிடைத்தது. 1086-ஆம் ஆண்டில் அந்நாட்டு மன்னர் எடுத்த நிலக்கணக்கேடு டூம்ஸ்டே புத்தகம் எனப்படும். அதன் 900-ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1986-இல் பி.பி.சி. புதிய கணக்கேடு ஒன்றை லேசர் வட்டுகளில் வெளியிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அவ்வட்டுகளைப் படிக்கும் கருவி கிடைப்பதே அரிதாயிற்று. ஆய்வாளர்கள் அரும்பாடுபட்டு உள்ளடக்கத்தை மீட்டார்கள். தோலில் எழுதிய 1086-ஆம் ஆண்டு ஏடோ இன்றும் படிக்கும் நிலையில் உள்ளது.

இதற்கு மருந்தும் கூட்டுறவே. ஒவ்வொரு கோப்பிலிருந்தும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு வைப்பார்கள். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். 1990-களின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு முறையில், பல நூலகங்களின் கணிப்பொறிகள் தம் பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொள்ளும். ஒன்றில் பிழை தெரிந்தால் மற்றவற்றிலிருந்து திருத்திக்கொள்ளும். ஏடெழுதியவர்கள் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்தார்களே, அதே வேலையைக் கணிப்பொறிகள் இரவும் பகலும் செய்கின்றன.

செய்ய வேண்டியது

நூலைக் காப்பது பூட்டு அல்ல, பங்கீடு என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடம். ஓலைச்சுவடிகளைத் தலைமுறைதோறும் படியெடுத்ததால்தான் சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தன. படியெடுக்கும் கருவி மாறியிருக்கிறதே தவிரக் கடமை மாறவில்லை.

பணி இன்னும் மிச்சமிருக்கிறது. ஊர்ப் படிப்பகங்களிலும் பள்ளிகளிலும் மடங்களிலும் வீட்டுப் பரண்களிலும் பட்டியலிடப்படாத நூல்கள் கிடக்கின்றன. அவற்றுள் எது உலகில் எஞ்சிய ஒரே பிரதி என்பது பார்க்காமல் தெரியாது. வீட்டைக் காலி செய்யும்போது பழைய நூல்களை எடைக்குப் போடுமுன், தலைப்பு, ஆசிரியர், அச்சகம், ஆண்டு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். மின்னூலகப் பட்டியல்களோடு ஒப்பிடுங்கள். அங்கே இல்லாத பெயர் ஒன்று கிடைத்தால் அருகிலுள்ள ஆராய்ச்சி நூலகத்துக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். பள்ளி மாணவராலும் செய்யக்கூடிய வேலை இது. தாள் நமக்காகக் காத்திருக்காது.