பவேரியாக் கல்லும் சிவகாசிக் காலண்டரும்

ஜெர்மனியின் பவேரியாவில் சோல்ன்ஹோஃபன் என்றொரு சிற்றூர். அங்கே வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக் கல் அத்தனை நைசானது. 1796 வாக்கில் அலோய்ஸ் செனஃபெல்டர் அந்த வகைக் கல்லில்தான் லித்தோ அச்சைக் கண்டுபிடித்தார். எண்ணெய்ப் பசையுள்ள மையால் கல்லில் வரைந்து, கல்லை நனைத்து, மை உருளையை ஓட்டினால் ஈரம் பட்ட இடம் மையைத் தள்ளிவிடும். வரைந்த கோடு மட்டும் வாங்கிக்கொள்ளும். உலகெங்கும் லித்தோ அச்சகங்கள் அந்தக் கல்லைத் தேடின.

சிவகாசிக்கு இந்தக் கலையை இழுத்து வந்தது தீப்பெட்டி. 1922-ல் கல்கத்தா போய்த் தொழில் கற்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் மறு ஆண்டே ஊரில் தீப்பெட்டி ஆபீஸ் தொடங்கினார்கள். மழை பொய்க்கும் கரிசல் காடு அதைப் பற்றிக்கொண்டது. பெட்டிக்கு லேபிள் வேண்டுமே? 1928-ல் அருணகிரி நாடார் நேஷனல் லித்தோ பிரஸ்ஸை நிறுவினார்.

லித்தோவில் நிறத்துக்கு ஒரு கல். எழுத்தையும் படத்தையும் இடம் வலம் மாற்றி ஏற்ற வேண்டும். வேலை முடிந்ததும் மணலும் தண்ணீரும் விட்டு இன்னொரு கல்லால் தேய்த்து, பழைய படத்தை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றுவார்கள். தேயத் தேயக் கல் மெலியும். எத்தனை மயிலும் யானையும் அப்படிக் கரைந்து போயினவோ!

லேபிளின் பின்னாலேயே காலண்டர் வந்தது. இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான். சிவகாசி விஸ்வநாதர் கோயிலுக்குள் நாடார்களை விடமாட்டோம் என்ற தகராறு முற்றி 1899-ல் ஊரே கலவரத்தில் எரிந்தது. பின்னாளில் அதே சமூகத்தார் நடத்திய அச்சாபீஸ்களிலிருந்துதான், கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த முருகனும் லட்சுமியும் வீடு வீடாகப் போனார்கள். கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் வீட்டுச் சுவரிலும், கடைக்காரர் சும்மா கொடுத்த காலண்டரில், சாமி நேருக்கு நேர் நின்றது. கூடவே, தீப்பெட்டி ஒட்டியே பள்ளிக்கூட வயதைத் தொலைத்த பிள்ளைகளையும் இந்தப் பெருமையோடு சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும்.

கல்லின் இடத்தைப் பிறகு ஆஃப்செட்டின் உலோகத் தகடு பிடித்தது. ஜெர்மனியிலிருந்து ஹைடல்பர்க் இயந்திரங்கள் வந்தன. அங்கே ஓடிக் கைமாறி வந்தவையும் உண்டு. அச்சுத் தொழில் பக்கத்து விஸ்வநத்தம் வரை பரவிவிட்டது. ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு, அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுகிறார்கள். ஏஜென்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஆர்டர் பிடிக்கக் கிளம்புகிறார்கள்.