வெட்டுவிசைச் சுவர்: வரலாறும் பெரம்பலூர் – அரியலூர் பகுதியும்

வெட்டுவிசைச் சுவர் என்பது நிலநடுக்கத்திலும் பலத்த காற்றிலும் கட்டடத்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசையைத் தாங்கி, அதை அடித்தளத்துக்குக் கொண்டுசேர்க்கும் சுவர் ஆகும். கட்டுமானத் தளங்களில் இதை ‘ஷியர் வால்’ என்பர். மரம், எஃகு, கான்கிரீட் ஆகிய மூன்றிலும் இது அமைக்கப்படுகிறது.

இதன் செயல்பாட்டைப் புரிந்துகொள்வது எளிது. நான்கு மரச்சட்டங்களை மூலைகளில் ஆணியடித்து ஒரு சதுரம் செய்து, மேல்சட்டத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் சதுரம் சாய்ந்து இணைகரமாகிவிடும். அதே சதுரத்தின் மேல் ஒரு பலகையை வைத்து ஓரங்களில் அறைந்துவிட்டால் எவ்வளவு தள்ளினாலும் எளிதில் சாயாது. தூணும் உத்திரமும் மட்டுமே உள்ள கட்டடம் முதல் வகை; வெட்டுவிசைச் சுவர் உள்ள கட்டடம் இரண்டாம் வகை.

மரத்தில் தொடக்கம்

1755 நவம்பர் 1 அன்று போர்ச்சுகலின் லிஸ்பன் நகரை நிலநடுக்கம் அழித்தது. மீண்டும் கட்டப்பட்ட வீடுகளின் சுவர்களுக்குள் குறுக்குச் சட்டங்கள் கொண்ட மரக்கூண்டு வைக்கப்பட்டது. மாதிரி ஒன்றைச் செய்து, அதைச் சுற்றிப் படைவீரர்களை அணிவகுத்து நடக்கவைத்து அதிர்வைச் சோதித்ததாகக் கூறப்படுகிறது. இந்தியாவில் 1897 ஜூன் 12 அன்று நிகழ்ந்த ஷில்லாங் நிலநடுக்கத்துக்குப் பின் அசாமிலும் மேகாலயத்திலும் மரச்சட்டங்களுக்கு இடையே நாணல் தட்டி வைத்து மண் பூசிய எடைகுறைந்த வீடுகள் பெருகின. இவை ‘அசாம் வகை’ வீடுகள் எனப்பட்டன. இன்று அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மரச்சட்டத்தின் மேல் ஒட்டுப்பலகையை நெருக்கமாக ஆணியடித்துச் சுவர் அமைக்கின்றனர். அதிர்வின் ஆற்றலைப் பெரிதும் உறிஞ்சுவது பலகை அன்று; வளைந்து வளைந்து நிமிரும் ஆணிகளே.

குவெட்டாவும் டோக்கியோவும்

கான்கிரீட் சுவரின் பெயரை நிலைநாட்டியவர் ஜப்பானியப் பொறியாளர் தாச்சூ நைத்தோ. அவர் வடிவமைத்த ஜப்பான் தொழில் வங்கிக் கட்டடத்தில் எஃகுச் சட்டத்துடன் கம்பி வைத்த கான்கிரீட் சுவர்களும் இருந்தன. 1923-இல் அது கட்டி முடிந்த சில மாதங்களில், செப்டம்பர் 1 அன்று கான்டோ நிலநடுக்கம் டோக்கியோவைத் தாக்கியது. அருகிலிருந்த பல புதிய அலுவலகக் கட்டடங்கள் பெருஞ்சேதம் அடைந்தபோது வங்கி நிலைத்து நின்றது. அடுத்த ஆண்டே, கட்டடத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கைப் பக்கவாட்டு விசையாகக் கொள்ள வேண்டும் என்ற விதி ஜப்பானில் வந்தது.

இந்தியத் துணைக்கண்டத்திலும் இதற்கு இணையான ஒரு முயற்சி நடந்தது. ஆனால் அது பாடநூல்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. 1931-இல் பலுசிஸ்தானின் மாக் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்துக்குப் பின், இரயில்வே பொறியாளர் எஸ். எல். குமார் குவெட்டாவில் இரயில்வே குடியிருப்புகளை வடிவமைத்தார். பக்கவாட்டு விசையாக எடையில் பத்தில் ஒரு பங்கையே அவரும் எடுத்துக்கொண்டார். வலுவூட்டப் பழைய தண்டவாளங்களைப் பயன்படுத்தினார். 1933-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இந்தியாவுக்கான நிலநடுக்க மண்டல வரைபடமும் இருந்தது. 1935 மே 31 அன்று குவெட்டா நகரம் தரைமட்டமாகி 30,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். குமார் கட்டிய வீடுகள் நின்றன.

விடுதலைக்குப் பின் 1962-இல் நிலநடுக்க வடிவமைப்புக்கான ஐ.எஸ். 1893 என்ற தரநிலை வெளியானது. வெட்டுவிசைச் சுவருக்கான கம்பி விவரங்களைக் கூறும் ஐ.எஸ். 13920 வருவதற்கு 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுவரின் தடிமன் 150 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, கிடைமட்டம், செங்குத்து என இரு திசைகளிலும் பரப்பில் குறைந்தது 0.25 விழுக்காடு கம்பி இருக்க வேண்டும் என்பன அதன் அடிப்படை விதிகள். இவற்றைக் காட்டிலும் சுவரின் இரு ஓரங்களில் நெருக்கமாக வளையக்கம்பி கட்டும் விதியே முக்கியமானது. அதிர்வில் சுவர் வளையும்போது முதலில் நொறுங்குவது ஓரங்களே.

எஃகில் இக்கருத்து பிந்தியே வந்தது. தூண்களுக்கும் உத்திரங்களுக்கும் இடையே மெல்லிய எஃகுத் தகட்டைப் பற்றவைப்பது இம்முறை. டோக்கியோவின் 20 மாடி நிப்பான் ஸ்டீல் கட்டடம் (1970) தொடக்ககால எடுத்துக்காட்டு. இம்முறையில் அமைந்த பல மாடி கோபே நகர மண்டபம் 1995 நிலநடுக்கத்தைச் சிறு சேதத்துடன் கடந்தது. இந்தியாவில் இது பரவலாகவில்லை.

சுவரை எடுத்துவிட்ட கட்டடங்கள்

2001 ஜனவரி 26 காலை நிகழ்ந்த புஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில் 100-க்கும் மேற்பட்ட கான்கிரீட் அடுக்குமாடிகள் சரிந்தன. பலவற்றில் தரைத்தளம் வண்டி நிறுத்துவதற்காகச் சுவரின்றி விடப்பட்டிருந்தது. மேல் மாடிகளில் அறைகளுக்கு இடையே செங்கல் சுவர்கள் இருந்ததால் அவை விறைப்பாக நின்றன. கட்டடத்தின் அசைவு முழுவதும் கீழேயிருந்த தூண்களில் குவிந்தது. லிஃப்டைச் சுற்றிக் கான்கிரீட் சுவர் இருந்த சில கட்டடங்களும் தப்பவில்லை. அச்சுவரைத் தளத்துடன் சில கம்பிகளே இணைத்திருந்ததால், தளம் பிய்ந்து விழ, லிஃப்ட் சுவர் மட்டும் தனியே நின்றது. சுவர் இருந்தால் போதாது. தளத்தின் விசை அதற்குள் சென்று சேர வழி வேண்டும்.

2002-இல் ஐ.எஸ். 1893 திருத்தப்பட்டது. தரைத்தளம் திறந்திருந்தால் அத்தளத்தின் தூண்களையும் உத்திரங்களையும் வழக்கமான விசையைப்போல் 2.5 மடங்குக்கு வடிவமைக்க வேண்டும். அல்லது வெட்டுவிசைச் சுவர்களை 1.5 மடங்குக்கு வடிவமைத்து வைக்க வேண்டும் என்றது. அதே திருத்தத்தில் நாட்டின் முதலாம் மண்டலம் நீக்கப்பட்டு இரண்டாம் மண்டலத்துடன் சேர்க்கப்பட்டது. இதற்குப் பின்னணியில் ஒரு கசப்பான அனுபவம் இருந்தது. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராட்டிரத்தின் கில்லாரியில் நிலம் நடுங்கி 7,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்றைய வரைபடத்தில் கில்லாரி இருந்தது, ஆபத்து மிகக் குறைவு எனக் கருதப்பட்ட முதலாம் மண்டலத்தில். அங்கு வீடுகளுக்குச் சுவர் இல்லாமலில்லை. இரண்டடிக்கும் மேல் தடிமனான கற்சுவர்கள் மண்ணால் இணைக்கப்பட்டிருந்தன. கட்டுக்கோப்பு இல்லாததால் கற்கள் உதிர்ந்தன.

பெரம்பலூர், அரியலூர்

தக்காணத்தைப் போலவே தமிழகத்தின் உட்பகுதியும் பழமையான பாறைநிலம். நிலநடுக்கம் அரிது, ஆனால் இல்லாமலில்லை. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் ஒன்று நிகழ்ந்தது. 2002 வரைபடத்தில் சென்னையும் சேலமும் மூன்றாம் மண்டலத்தில் உள்ளன. திருச்சிராப்பள்ளி இரண்டாம் மண்டலம். திருச்சி மாவட்டத்திலிருந்து 1995-இல் பிரிந்த பெரம்பலூர்ப் பகுதியும், பின்னர் அதிலிருந்து உருவான அரியலூரும் பெரும்பாலும் இரண்டாம் மண்டலமே.

இதன் நடைமுறைப் பொருள் என்ன? 500 டன் எடையுள்ள மூன்று மாடிச் சாதாரணக் கான்கிரீட் சட்டகக் கட்டடத்தை, இரண்டாம் மண்டலக் கணக்குப்படி ஏறத்தாழ 20 டன் விசை பக்கவாட்டில் தள்ளும். இது சிறிய எண் அன்று. ஆனால் ஐ.எஸ். 13920-இன் கம்பி விதிகள் மூன்றாம் மண்டலத்திலிருந்துதான் கட்டாயம். பெரம்பலூரை அடுத்த சேலத்தில் கட்டாயமாக உள்ள வளையக்கம்பி நெருக்கம், இங்கே பொறியாளரின் விருப்பமாகிவிடுகிறது.

டால்மியாபுரத்தில் 1939-இல் தொடங்கிய சிமெண்ட் தொழில், 1979-இல் தமிழ்நாடு சிமெண்ட் கழகத்தின் அரியலூர் ஆலையுடனும் பின்னர் தனியார் ஆலைகளுடனும் இப்பகுதியில் விரிந்தது. மண்சுவர் ஓட்டு வீடுகளும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வீடுகளும் இருந்த இடங்களில் தூண் எழுப்பிக் கட்டும் முறை பரவியது. பழைய செங்கல் வீட்டின் சுவர்கள், பெயர் சொல்லப்படாமலே, வெட்டுவிசைச் சுவர்களாகவும் வேலை செய்தன. கடைவீதிக் கட்டடத்தில் அப்படியில்லை: சாலையைப் பார்த்த பக்கம் முழுவதும் ஷட்டர், பின்பக்கமும் இருபுறமும் சுவர். மூன்று பக்கம் விறைப்பும் ஒரு பக்கம் வெறுமையும் இருந்தால் கட்டடம் ஆடுவதோடு முறுக்கிக்கொள்ளவும் செய்யும். முன்பக்கத் தூண்களே அதிகம் அலைக்கழியும். பெரம்பலூர் வட்டாரக் கரிசல் மண்ணிலோ அடித்தளச் செலவே கூடிவிடுவதால், மேலே கம்பியைக் குறைக்கத் தோன்றுவது இயல்பு.

இதற்கான தீர்வு பெருஞ்செலவு உடையதன்று. சிறிய செங்கல் வீட்டுக்கு, சுவர்களைச் சுற்றிவரும் லிண்டல் பெல்ட்டும் மூலைகளில் செங்குத்துக் கம்பியும் ஐ.எஸ். 4326 காட்டும் வழி. கடைக் கட்டடத்தில் படிக்கட்டுக்கு அருகே ஒன்றும், ஷட்டர் வரிசையின் ஓரத்தில் ஒன்றுமாக, தூணுக்குத் தூண் கான்கிரீட் சுவர் எழுப்பினால் முறுக்கம் குறையும். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2013-இல் கட்டிய இரண்டு மாடி மாதிரிக் குடியிருப்பில் தூண்களே இல்லை. கண்ணாடி இழை சேர்த்த ஜிப்சப் பலகைகளின் உள்ளறைகளில் கம்பியும் கான்கிரீட்டும் நிரப்பி, சுவர்கள் அனைத்தையும் வெட்டுவிசைச் சுவர்களாக்கியுள்ளனர்.