நம்புதலும் நம்பியபடி வாழ்தலும்: மாக மேளாவை முன்வைத்து ஓர் ஆய்வு

சமயம் மனிதருக்கு மகிழ்ச்சி தருகிறதா என்ற வினாவுக்கு இரண்டு விடைகள் நெடுங்காலமாகக் கைவசம் உள்ளன. தரும், ஆகவே அது வேண்டும் என்பது ஒன்று. தருவதுபோல் தோன்றும், அது மயக்கம் என்பது மற்றொன்று; 1927இல் ஃபிராய்டு எழுதிய நூல் இந்த இரண்டாம் விடையைக் கூர்மையாக முன்வைத்தது. சண்டை போடும் இருதரப்பும் ஓரிடத்தில் ஒத்துப்போகின்றன. நம்பிக்கை என்பது தனி ஆளின் மனத்துக்குள் இருப்பு வைத்த சரக்கு, அது உள்ளே கிடந்தபடியே வேலை செய்கிறது என்று இருவருமே எண்ணுகிறார்கள். எனக்கு ஐயம் அங்கேதான். அதைச் சோதிக்க நல்ல களம் ஒன்று இருக்கிறது: பிரயாகையின் மாக மேளா.

ஆண்டுதோறும் பௌஷ பௌர்ணமி முதல் மாக பௌர்ணமி வரை, அதாவது பெரும்பாலான ஆண்டுகளில் நம் தைப்பூசம் முதல் மாசி மகம் வரை, கங்கை வடிந்து விட்டுப்போன மணற்பரப்பில் கூடார நகரம் ஒன்று எழுகிறது. மாதம் முழுவதும் அங்கே தங்கி விரதம் காப்பதற்குக் கல்பவாசம் என்று பெயர். தரையில் வைக்கோல் பரப்பி அதன்மேல் படுக்கை. விடியுமுன், எதிரில் வருபவர் முகம் தெரியாத பனிமூட்டத்தில், ஆற்றில் முழுக்கு. தம் கையால் சமைத்த எளிய உணவு. கூடார வாசலில் துளசிச் செடி. பக்கத்தில் விதைத்த வாற்கோதுமை பச்சை பிடித்திருக்கும். ஒலிபெருக்கிகள் இரவு பகல் பார்ப்பதில்லை. பஜனை, கதை, நடுநடுவே கூட்டத்தில் வழிதவறிய யாரோ ஒருவரின் பெயரும் ஊரும். கல்பவாசிகளில் பெரும்பாலோர் வயதான கிராமத்து மக்கள். அந்த வயதுக்கு இப்படியொரு மாதத்தை எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்கமாட்டார்.

2011 மேளாவை ஒட்டி, அலகாபாத் பல்கலைக்கழகத்தின் நாராயணன் சீனிவாசன், சுருதி திவாரி ஆகியோரும் ஸ்காட்லாந்திலிருந்து ஸ்டீபன் ரைக்கர், நிக் ஹாப்கின்ஸ் ஆகியோரும் அடங்கிய குழு ஒன்று ஆய்வில் இறங்கியது. கல்பவாசம் போகவிருந்த 416 பேரையும் ஊரிலேயே இருந்துவிட்ட 127 பேரையும் மேளாவுக்கு முன்பும், முடிந்து ஒரு மாதம் கழித்தும் விசாரித்தார்கள். முடிவு 2012இல் வெளியானது. ஊரிலிருந்தவர்களோடு ஒப்பிட, போய்வந்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் மேம்பட்டிருப்பதாகச் சொன்னார்கள்.

உடனே எழக்கூடிய தடை, திடமானவர்கள்தானே கிளம்பியிருப்பார்கள் என்பது. ஒவ்வொருவரையும் அவருடைய பழைய நிலையோடே ஒப்பிட்டதால் அந்தத் தடை பெருமளவு வலுவிழக்கிறது. இன்னொன்று அவ்வளவு எளிதில் விலகாது. இவையெல்லாம் அவரவர் வாயால் சொன்ன நலம். தீர்த்த யாத்திரை போய்வந்து ‘உடம்பு சரியில்லை’ என்று சொல்வது, ஈட்டிய புண்ணியத்தைத் தாமே குறைத்துக்கொள்வதுபோல் இருக்கும். இதை மனத்தில் இருத்திக்கொண்டுதான் மேற்கொண்டு படிக்க வேண்டும்.

அதே குழுவினர் செய்த ஒலிச் சோதனை ஒன்று இந்த ஐயத்தைக் கொஞ்சம் தணிக்கிறது. எங்கே பதிவானது என்று பிரித்தறிய முடியாத இரைச்சலைக் கல்பவாசிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். மேளாவில் பதிவானது என்று சொன்னபோது பொறுத்து, நெடுநேரம் கேட்டார்கள். நகரத் தெரு இரைச்சல் என்றபோது வெறுத்தார்கள். காதில் விழுந்தது ஒரே ஒலிதான். நம்பிக்கை துன்பத்தைக் குறைக்கிறது என்பதைவிட, எது துன்பம் என்ற கணக்கையே மாற்றி எழுதுகிறது என்று சொல்வதே இதற்குப் பொருந்தும். குளிரைப் பற்றிய விசாரணையிலும் இதே சாயல்: குளிர் உறைக்கத்தான் செய்தது, ஆனால் அது விரதத்தின் ஒரு பகுதி.

அப்படியென்றால் நலம் எங்கிருந்து வந்தது? தற்கொலை குறித்த நூலை 1897இல் வெளியிட்ட எமில் துர்கைம் இருந்திருந்தால் ‘கூட்டத்திலிருந்து’ என்றிருப்பார். கோட்பாடு இரண்டாம்பட்சம், மனிதரை மனிதரோடு கட்டுவதுதான் சமயத்தின் வேலை என்பது அவர் கட்சி. மேளா ஆய்வுகள் அவரைப் பாதிதான் ஆதரிக்கின்றன. அவை கண்ட வழிகள் இரண்டு. முன்பின் தெரியாதவரும் ‘நம்மவர்’ ஆகும் நெருக்கம் ஒன்று. தாம் நம்பும் நெறிப்படியே நாளை நடத்த முடிவது மற்றொன்று. முதலாவதை நல்ல சங்கமோ மனமகிழ் மன்றமோ கூடத் தரலாம். இரண்டாவதை அவை தருவதில்லை. ஊரில் மருமகளின் சமையல் நேரத்துக்கும் பேரனின் பள்ளி நேரத்துக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் வழிபாடு, ஆற்றங்கரையில் முழு நாளாக விரிகிறது. சுற்றிலும் எல்லாரும் அதையே செய்வதால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்கத் தேவாலயங்களைப் பற்றிச் சேயூன் லிம், ராபர்ட் புட்னம் இருவரும் 2010இல் எழுதிய கட்டுரையும் இங்கேதான் வந்து சேர்கிறது. வழிபாட்டுக்குத் தவறாமல் போயும் அங்கே நண்பர் எவரும் இல்லாதவர்களுக்கு வாழ்க்கைத் திருப்தி கூடவில்லை. சபையில் நண்பர்களும் வேண்டும், அந்தச் சமயத்தைத் தன்னுடையதாகக் கருதும் உணர்வும் வேண்டும். இரண்டும் கூடினால்தான் பலன்.

நாடுகளை ஒப்பிடும்போது மகிழ்ச்சியும் வாழ்வின் பொருளும் தனித்தனியே பிரிந்துவிடுகின்றன. எட் டீனர் முதலானோர் 2011இல் காட்டியபடி, வாழ்க்கை கடினமாக உள்ள இடங்களில்தான் சமயப் பற்று நலவுணர்வோடு தெளிவாகச் சேர்ந்து வருகிறது. வசதியும் பாதுகாப்பும் உள்ள நாடுகளில் பற்றுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் பெரிய வேறுபாடில்லை. பின்லாந்து 2018 முதல் உலக மகிழ்ச்சி அறிக்கையில் முதலிடத்தில் இருப்பதற்கு ஞாயிறு வழிபாடு காரணமில்லை. ஆனால் ஷிகெஹிரோ ஒய்ஷியும் டீனரும் 2014இல் 132 நாடுகளை ஒப்பிட்டபோது, தம் வாழ்வுக்குப் பொருள் உண்டு என்று சொன்னவர்கள் டோகோ, சியரா லியோன் போன்ற ஏழை நாடுகளில்தான் மிகுதி. அதற்கு முக்கியக் காரணமாக அவர்கள் கண்டது சமயப் பற்று. நல்ல மருத்துவமனையும் ஓய்வூதியமும் மகிழ்ச்சிக்குப் போதும்போலிருக்கிறது, பொருளுக்குப் போதவில்லை.

ஆகவே நவீன வாழ்க்கை நம்பிக்கையை அழித்துவிட்டது என்ற புலம்பலை நான் ஏற்கவில்லை. நம் அடுக்குமாடி வீடுகளில் பூசையறை இருக்கிறது, கைப்பேசியில் ஆரத்தி நேரலை ஓடுகிறது. சுருங்கிப்போனது நம்பியபடி வாழ்வதற்கான இடமும் நேரமும், அதைக் கண்டு தலையசைக்கும் அண்டை வீட்டாரும். நேரலை ஆரத்தியில் கண்கள் மூடுவதற்குள் அலுவலக அழைப்பு வந்துவிடுகிறது.

இந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருப்பதை மறைப்பதற்கில்லை. ‘நம்மவர்’ என்ற வட்டத்துக்குள் யார் என்ற கேள்வி அது. நாசிக்கில் காலாராம் கோயிலுக்குள் நுழையும் உரிமைக்காக 1930இல் அம்பேத்கர் போராட்டம் தொடங்கியபோது வெளியே நின்றவர்களிடமும் பக்தி இருந்தது. அந்தப் பக்தி அவர்களுக்குத் தந்தது அவமானத்தை. சமயம் மயக்கம் மட்டுமே என்றால், அதை உதறிவிட்டுப் போவதே அறிவு. அவர் அப்படிச் செய்யவில்லை. 1935இல் இயோலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்த பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் தேடி, 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தத்தில் சேர்ந்தார். சென்னையில் அயோத்திதாச பண்டிதர் 1898இலேயே சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியிருந்தார். இருவரும் மகிழ்ச்சியைத் தேடிப் போனதாக எங்கும் தெரியவில்லை. தேடியது மானம், அதைத் தனியாக இருந்து அடைய முடியாது, ஒருவரையொருவர் சமமாக நடத்தும் ஒரு சபை வேண்டும்.

நாகபுரித் தீட்சைபூமியில் ஆண்டுதோறும் அந்த நாளை நினைவுகூரக் கூடும் பெருங்கூட்டமும் ஒரு மேளாதான். வெகுதூரத்துக் கிராமங்களிலிருந்து குடும்பத்தோடு வருகிறார்கள், வெட்டவெளியில் இரவைக் கழிக்கிறார்கள். மைதானத்தைச் சுற்றிப் புத்தகக் கடைகள். எழுத்தறியாத பாட்டிகூடப் பேத்திக்காக ஒரு புத்தகம் வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்புகிறாள்.