தாய்ல தெரியல, மகன்ல தெரிஞ்சது

மணவாளக்குறிச்சியில எங்க பாட்டிக்குக் கொசுன்னா எல்லாம் ஒண்ணுதான். "எந்தக் கொசு கடிச்சா என்ன மக்கா, சொறியத்தானே போற"ம்பா. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன், ராமேஸ்வரம் கதையைப் படிக்கிற வரைக்கும்.

அதுக்கு முன்னால கொஞ்சம் இலங்கைக்குப் போகணும். 1934ல அங்கே மழை பொய்த்தது. ஆறுகள் வற்றி, ஆத்து மணல்ல குட்டை குட்டையாத் தண்ணி நின்னது. அதுல பெருகினது அனாபிலஸ் கியூலிசிஃபேசிஸ் என்ற கொசு. 1934-35 மலேரியாவில் செத்தவங்க சுமார் 80,000 பேர்.

1980களில் ஒரு விஷயம் தெரிய வந்தது. இந்தக் கொசு ஒரே இனம் இல்லை. பார்க்க அச்சு அசல் ஒண்ணுபோல, ஆனா குரோமோசோம்ல வேறுபட்ட தனித்தனி இனங்கள். ஏ, பி, சி, டி என்று பேர் வைத்தார்கள். இதுல 'பி' கிட்டத்தட்ட சாது, மலேரியாவைப் பரப்புவதில் மந்தம். சிக்கல் என்னன்னா, இலங்கையிலும் ராமேஸ்வரம் தீவிலும் பிடிச்சுப் பார்த்தா எல்லாம் 'பி'தான்! அப்புறம் அங்கெல்லாம் மலேரியா எப்படி வந்தது?

தில்லி மலேரியா ஆராய்ச்சி மையத்தின் சரளா சுப்பாராவ் குழுவினர் ராமேஸ்வரத்தில் கொசு பிடித்தார்கள். பெண் கொசுவுக்கு ஒய் குரோமோசோம் கிடையாது. அதனால அதை முட்டையிட வைத்து, பிறந்த மகன்களின் ஒய்யைப் பார்த்தார்கள். ரெண்டு வடிவம் இருந்தது. மலேரியாக் கிருமியைச் சுமந்த தாய்களோட மகன்களுக்கெல்லாம் ஒரே வடிவ ஒய்! சாது 'பி' கூட்டத்துக்குள்ள இன்னொருத்தன் ஒளிஞ்சிருக்கான். 1999ல அவனுக்கு 'ஈ' என்று பேர் வைத்தார்கள். அடுத்த வருஷமே, 2000ல், இலங்கையிலும் 'ஈ' இருப்பது தெரிந்தது. அங்கேயும் பழி அவன் மேலதான்.

எங்க பொட்டிதட்டும் தொழிலிலும் இப்படி நடக்கும். ரெண்டு வேற சமாச்சாரத்துக்கு ஒரே பேர் வைத்துவிட்டு, தப்பை எங்கெங்கோ தேடுவோம். எங்களுக்குப் போறது ராத்தூக்கம். அங்கே போனது உயிர்.

கதை முடியல. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடாக அறிவித்தது. அதே டிசம்பரில் மன்னார் தீவில் அனாபிலஸ் ஸ்டெஃபென்சை கண்ணில் பட்டது. நம்ம நகரங்களில் கிணத்திலும் மொட்டைமாடித் தொட்டியிலும் வளர்ந்து மலேரியா பரப்புற அதே கொசு.

பாட்டி கிணத்து மேல வலை விரிச்சு வைப்பா, காக்கா எச்சம் விழக்கூடாதுன்னு. அந்த வலைக்கண்ணை இன்னும் கொஞ்சம் சின்னதாக்கணும். :-)