காவிரிக் கரையில் நாம ஜபம்

மந்திரம் என்பது நம் நாட்டில் நெடுங்காலம் காவலுக்குள் இருந்த பொருள். குருவின் வாயிலாக உபதேசம் பெறவேண்டும். பெற்றபின் அதன் ரிஷி, சந்தஸ், தேவதை ஆகியவற்றை நினைந்து, அங்கநியாஸ கரநியாஸங்களைச் செய்து, ஸ்நானம் முதலிய சுத்தியோடு, விதித்த காலத்தில், விதித்த திக்கை நோக்கி அமர்ந்து ஜபிக்கவேண்டும். இவற்றுள் ஒன்று வழுவினாலும் பலன் குன்றுமோ என்ற அச்சம் ஜபிப்பவனை விட்டு நீங்குவதில்லை. இந்த நியமங்களின் பெருமையை நான் மறுக்கவில்லை. அலையும் மனத்தைக் கட்டிவைப்பதற்கு அவை பேருதவி புரிந்தவை. ஆயினும், உழுது களைத்து வீடு திரும்புகிறவனும், அடுப்படியிலேயே பொழுதைக் கழிக்கும் பெண்ணும், எழுந்து நீராடவும் இயலாமல் நோய்ப்படுக்கையில் கிடப்பவனும் எதைப் பற்றிக்கொண்டு உய்வது என்ற கேள்வி எஞ்சி நின்றது.

பகவந்நாமமே போதும் என்று ஆழ்வார்களும் நாயன்மார்களும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாடிவைத்தார்கள். ஆனால் பக்தியின் பெருக்கில் பாடுவது வேறு. தர்க்கமும் மீமாம்ஸையும் கற்ற பண்டிதர் சபையில் ஆட்சேபங்களையெல்லாம் எதிர்கொண்டு அதைச் சித்தாந்தமாக நிலைநாட்டுவது வேறு. 1676-இல் தஞ்சையில் மராட்டியர் ஆட்சி தொடங்கியதற்குப் பிற்பட்ட காலத்தில், கும்பகோணத்தை அடுத்த சில கிராமங்களில் இந்த இரண்டாவது காரியம் சிறப்பாக நடைபெற்றது. காஞ்சி காமகோடி பீடத்து ஆசாரிய பரம்பரையில் வைத்து எண்ணப்படும் ஸ்ரீ போதேந்திர ஸரஸ்வதி ஸ்வாமிகள் கோவிந்தபுரத்தில் தங்கியிருந்தார். ஸ்ரீதர வேங்கடேசர் என்ற அய்யாவாள் திருவிசநல்லூரில் வாழ்ந்தார். முன்னவர் துறவி, இராம நாமத்தில் தோய்ந்தவர்; பின்னவர் இல்லறத்தார், சிவபக்தியில் கரைந்தவர். இவ்விருவரும் நெருங்கிய நண்பர்களாய், எந்த நாமமாயினும் ஏற்றத்தாழ்வு இல்லை என்ற ஒரே முடிவைத் தாங்கி நின்றார்கள். ஹரிஹராத்வைத பூஷணம் என்றே ஒரு நூல் இயற்றியவர் போதேந்திரர்.

அவர்களுக்கு முன் நின்ற பெரிய தடை இதுதான். மகனை அழைக்கும் எண்ணத்தில் ‘நாராயணா’ என்று கூவிய அஜாமிளன் யமதூதரிடமிருந்து மீண்டான் என்று பாகவதம் கூறுகிறது. இத்தகைய வசனங்கள் வெறும் அர்த்தவாதம், அதாவது ஒரு கர்மத்தில் ருசி உண்டாக்குவதற்காகச் சொல்லப்பட்ட புகழ்ச்சியே அன்றி உள்ளபடி கொள்ளத்தக்கவை அல்ல என்பது ஆட்சேபம் செய்தவர்களின் கட்சி. லக்ஷ்மீதரர் என்னும் பெரியார் பகவந்நாம கௌமுதியில் இக்கட்சியை மறுத்து வழிகாட்டியிருந்தார். அவ்வழியில் சென்ற போதேந்திரர், நாமத்திற்குக் காலநியமம் இல்லை, தேசநியமம் இல்லை, அதிகாரிபேதம் இல்லை என்பதை நூல்கள் பலவற்றால் ஸ்தாபித்தார். எளிது என்பதால் தாறுமாறாக நடக்க இடமில்லை என்பதையும் அச்சித்தாந்தம் விட்டுவிடவில்லை. நாமத்தின் பலம் இருக்கிறதே என்று பாபம் செய்யத் துணிவது பத்து நாமாபராதங்களுள் ஒன்று. என் எண்ணத்தில், அவற்றுள் மிக நுட்பமான எச்சரிக்கை இதுவே.

நியமங்கள் தளர்ந்தபோதிலும் எண்ணிக்கை மட்டும் விடாமல் நின்றது; மனத்திற்கு ஒரு பிடி வேண்டுமல்லவா? ஜபமாலையில் எண்ணுகிறவர்கள், நடுவிரலின்மேல் அதனைத் தாங்கி, ஆள்காட்டி விரல் படாமல், கட்டைவிரலால் மணி மணியாக உள்ளே தள்ளிக்கொண்டு, 108 மணிகள் முடிந்ததும் மேரு என்னும் தலைமணியைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொள்வார்கள். மாலை இல்லாதவர்களுக்குக் கைவிரல்களே மாலை: மோதிர விரலின் நடுக்கணுவில் தொடங்கி, கீழிறங்கி, சுண்டுவிரலின் அடியிலிருந்து நுனிக்கு ஏறி, மோதிர விரல், நடுவிரல் ஆகியவற்றின் நுனிகளைத் தொட்டு, ஆள்காட்டி விரலின் அடிக்கு இறங்கினால் பத்து எண்ணிக்கை ஆகும். வாய்விட்டுச் சொல்லும் வாசிகத்தினும் உதடு மட்டும் அசையும் உபாம்சு சிறந்தது, அதனினும் மானஸம் சிறந்தது என்பது மநு காலத்துத் தரவரிசை. தியானம் என்று நாம் தனியே வழங்குவதன் வாசலில் மானஸ ஜபம் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

போதேந்திரர் நாள்தோறும் 1,08,000 இராம நாமம் ஜபித்தார் என்பது ஸம்பிரதாயம். விநாடிக்கு ஒன்று என்று வைத்தாலும் அதற்கு 30 மணி நேரம் ஆகும். ஒரு நாளுக்குள் அது அடங்க வேண்டுமானால், உண்ணும்போதும் நடக்கும்போதும் மூச்சினும் விரைவாக உள்ளே அது ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜர் 96 கோடி இராம நாமத்தை 21 ஆண்டுகளில் நிறைவேற்றினார் என்ற வரலாற்றையும் பகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,25,000 வருகிறது. அவருடைய கீர்த்தனங்களைக் கேட்டு உருகும் நாம், அந்த ஸங்கீதத்திற்கு அடியில் கிடக்கும் இந்த ஜபத்தை நினைப்பதே இல்லை.

1692-இல் போதேந்திரர் ஸித்தி அடைந்தார் என்பர். காலப்போக்கில் காவிரி மணல் மூடி மறைந்துபோன, அவருடைய சமாதித் தலமான அதிஷ்டானத்தை, ஆற்று மணலில் செவிவைத்து, உள்ளிருந்து எழுந்த இராம நாமத்தைக் கேட்டு மருதாநல்லூர் ஸத்குரு ஸ்வாமிகள் கண்டுபிடித்தார் என்று பக்தர்கள் பரம்பரையாகச் சொல்லிவருகிறார்கள். அந்த ஸ்வாமிகளே, ஜயதேவர், புரந்தரதாஸர், நாராயண தீர்த்தர் முதலியோருடைய பாடல்களைக் கோத்து, இன்றும் வழங்கிவரும் பஜனைப் பத்ததியை வகுத்தவர். அதனால் நாமம் வீதிக்கு வந்தது. ஜால்ராவும் மிருதங்கமும் அதனோடு சேர்ந்தன. அது நன்மையே. எனினும், பஜனை ஸம்பிரதாயத்தின் மூலபுருஷர் என்று மாத்திரம் போதேந்திரரைப் புகழ்வது அவர் செய்ததில் பாதியை விட்டுவிடுவதாகும்; தனியே இருந்து தன்னைத் திருத்திக்கொள்ள விரும்பும் எளியவனுக்கு அவனே கைக்கொள்ளத்தக்க ஒரு சாதனத்தை, சாஸ்திரத்தின் முழு ஸம்மதத்தோடு அளித்தவர் அவர்.

கும்பகோணத்திலிருந்து மாயூரம் செல்லும் மார்க்கத்தில், திருவிடைமருதூருக்கு அப்பால் கோவிந்தபுரம் இருக்கிறது. அவ்வழியே போகிறவர்கள் அதிஷ்டானத்தை வலம் வந்து வணங்கியதோடு திரும்பிவிடாமல், அங்கே ஒரு மூலையில் அமர்ந்து, தமக்குப் பிடித்த நாமத்தை ஒரு மாலை அளவாவது ஜபித்துவிட்டு வரவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.