இணையத்தின் கதவை யார் தட்டலாம்?



ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் போயிருப்பீர்கள். சிம் கார்டு கடையில் வெளிநாட்டு ஊழியர் ஒருவர் வேலை அனுமதி அட்டையை நீட்டிக்கொண்டு நிற்பார். 2005 நவம்பர் 1 முதல் ப்ரீபெய்ட் கார்டு வாங்குபவர் யாரானாலும் தம் பெயரைப் பதிய வேண்டும். விசாரணை என்று வந்தால் எந்த எண் யாருடையது என்று தெரிய வேண்டுமே! "தப்பு செய்யாதவங்களுக்கு என்ன பயம், சார்?" என்று வகுப்பில் ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். பதில் சொல்ல நம் ஊர் இணைய வரலாற்றிலேயே இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன.

முதலாவது பல்கலைக்கழகத்தில் நடந்தது. 1991-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 'டெக்நெட்' தொடங்கியது. ஆய்வாளர்களும் விரிவுரையாளர்களும் அதன் வழியாகத்தான் இணையத்துக்குள் போனார்கள். 1994-ல் ஆபாசப் படங்கள் இருக்கின்றனவா என்று பயனர்களின் கணக்குகளில் தேடினார்கள். சுமார் 80,000 படக் கோப்புகளைச் சோதித்ததில் அகப்பட்டவை ஐந்தே ஐந்து. அந்த ஐந்துக்காக எத்தனை பேருடைய பெட்டியைத் துழாவினார்கள் என்று யோசியுங்கள்.

இது நமக்கு அந்நியமான கதை இல்லை. அதே பல்கலைக்கழகத்து இணைய ஆய்வாளர் டான் டின் வீயோடு சேர்ந்துதான் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளர் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றினார். 1995 அக்டோபர் 27 அன்று அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த நான்கு மொழிக் கவிதைத் தளத்தில் தமிழும் இருந்தது.

இரண்டாவது சம்பவம் 1999-ல். சிங்நெட் வாடிக்கையாளரான 21 வயது சட்ட மாணவி ஒருவரின் கணினியில் இருந்த பாதுகாப்பு மென்பொருள், யாரோ உள்ளே நுழையப் பார்க்கிறார்கள் என்று எச்சரித்தது. அவர் போலீசில் புகார் செய்தார். தேடிப் பார்த்தால், தட்டியது உள்துறை அமைச்சின் தகவல் தொழில்நுட்பப் பாதுகாப்புப் பிரிவு! வாடிக்கையாளர்களின் கணினிகள் ஊடுருவலுக்கு இடம் கொடுக்கும் நிலையில் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லும்படி சிங்நெட்தான் அந்தப் பிரிவின் உதவியைக் கேட்டிருந்தது. சோதனைக்கு உள்ளானவை சுமார் 2,00,000 வாடிக்கையாளர்களின் கணினிகள். முன்கூட்டி யாருக்கும் சொல்லவில்லை. நிறுவனம் பிறகு மன்னிப்புக் கேட்டது.

நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் இரண்டு முறையும் இன்னார்மேல் சந்தேகம் என்று யாரையும் குறிப்பிடவில்லை. எல்லாரையும் சோதித்தார்கள், அதுவும் கேட்காமல். நம் வீட்டுப் பூட்டு சரியாக இருக்கிறதா என்று பக்கத்து வீட்டுக்காரர் நடுராத்திரியில் ஆட்டிப் பார்த்தால் சும்மா இருப்போமா?

சட்டப்படி ஒட்டுக்கேட்பது வேறு விஷயம். அமெரிக்காவில் அதே 1994-ல் ஒரு சட்டம் வந்தது. நீதிமன்ற உத்தரவோடு அதிகாரி வந்தால் குறிப்பிட்ட ஒருவரின் தொடர்பை மட்டும் பிரித்துக் கொடுக்கும் வசதியைத் தொலைபேசி நிறுவனங்கள் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும் என்றது அது. 2005-ல் அதை இணையச் சேவைக்கும் நீட்டினார்கள். பல்கலைக்கழகங்கள் செலவு தாங்காது என்று வழக்குப் போட்டன. 2006-ல் தீர்ப்பு அரசின் பக்கம் வந்தது. 2007 மே 14 கடைசி நாள். சொந்தமாகச் செய்ய முடியாத சிறிய நிறுவனங்களுக்காக, உத்தரவைச் சரிபார்த்துத் தரவைப் பிரித்தனுப்பும் வேலையை எடுத்துச் செய்ய இடைநிலை நிறுவனங்களும் வந்தன.

இந்தியாவில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு வரம்பு கட்டியது. உள்துறைச் செயலாளர் எழுத்தில் உத்தரவிட வேண்டும், அது இரண்டு மாதம் செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது, மறுஆய்வுக் குழு அதைப் பார்க்க வேண்டும் என்றது.

இங்கே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி, கைதுக்குரிய குற்றத்தை விசாரிக்கும் போலீஸ் அதிகாரி அதோடு தொடர்புடைய கணினியைப் பரிசோதிக்கலாம். ஆக, அதிகாரம் எங்கும் இருக்கிறது. யார் கேட்டார், யாரைப் பற்றி, எந்தச் சட்டப்படி, எத்தனை நாளைக்கு என்ற நான்கையும் எழுத்தில் வைத்திருக்கிறோமா என்பதில்தான் நம்பிக்கை நிற்கிறது. "என்ன பயம்?" என்ற பிள்ளைக்கு இதையே பதிலாகச் சொல்லலாம்.

வகுப்பில் செய்து பாருங்களேன். மாணவர்களை மூன்று குழுவாகப் பிரியுங்கள். ஒன்று போலீஸ், ஒன்று இணைய நிறுவனம், ஒன்று வாடிக்கையாளர். போலீஸ் குழு ஒருவருடைய மின்னஞ்சலைக் கேட்கட்டும். கொடுப்பதற்கு முன் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று மற்ற இரு குழுவும் பட்டியல் போடட்டும். பிறகு 1999 சம்பவத்தைச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலில் எந்தக் கேள்வியை அன்று யாருமே கேட்கவில்லை என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.